டிக் கேட்ட பிறகு கோடு

நவம்பர் 2, ஞாயிறு

இன்று என் சீட்டைக் கழற்றிவிட்டார்கள்.

வின்சென்ட் மாமாதான் ஆரம்பித்து வைத்தார். அவர் அப்பாவின் நண்பர், பந்தய வண்டிகளுக்கு என்ஜின் வேலை பார்ப்பவர். பந்தயத்துக்குப் போகிற வண்டிக்கு இரண்டாவது சீட் எதற்கு, கனமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்றார். அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நான்கு போல்ட்டைக் கழற்றி, சீட்டை என் கையிலேயே கொடுத்து, மாடி அறையில் போட்டுவிட்டு வரச் சொன்னார்.

மொத்தமே இரண்டு சீட் உள்ள வண்டி. ஏதோ விபத்தில் முன்பக்கம் நசுங்கி, மூன்று வருடம் புல் முளைத்துக் கிடந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அப்பா போன தை மாதம் அதை வாங்கிக்கொண்டு வந்து போர்டிகோவில் நிறுத்திய அன்று, ஒன்று அக்காவுக்கு, ஒன்று கனிக்கு என்று இரண்டு சீட்டையும் தட்டிக் காட்டிச் சொன்னார். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவருக்கு இல்லை.

இப்போது அந்த சீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பிரவீணா அக்கா கீழே எங்கள் அறையில் தூங்குகிறாள். எழுதி முடித்ததும் நோட்டை சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்குக்கும் துணிக்கும் நடுவே செருகிவிடுவேன்.

அக்கா பி.காம். படிக்கிறாள். பதினான்காம் நம்பர் ஸ்பேனரை எடு என்றால் இரண்டு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பாள். ஆனால் டிசம்பரில் பெண்களுக்கான பந்தயத்தில் ஓட்டப்போகிறவள் அவள்தான்.

நவம்பர் 5, புதன்

கெமிஸ்ட்ரி டெஸ்டில் முப்பத்தொன்று. யாரும் கேட்கவில்லை.

வீட்டில் எல்லாருக்கும் என்ஜினை மூடுகிற பானட் கவலை. கனமான இரும்பு பானட்டுக்குப் பதிலாக அப்பா ஃபைபரில் ஒன்று வார்த்திருந்தார். நேற்று ராத்திரி பெய்த மழையின் ஈரத்தில் அது இறுகவேயில்லை. தொட்டால் பலாப்பழம் மாதிரி ஒட்டுகிறது. அம்மாவின் சேலை முந்தானை ஒட்டிக்கொண்டு, பிய்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. "சாம்பார்ல கூட பெயின்ட் நாத்தம் அடிக்குது, இந்த வண்டி ஓடி என்னத்த ஆகப்போகுதோ," என்று அம்மா சொன்னதும் அக்கா சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தார்.

நான் சிரித்திருந்தால் படிக்கப் போ என்றிருப்பார்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று முழுவதும் அக்காவுக்கு அளவெடுத்தார்கள். தையல்காரர் மாதிரி. கால் எட்டுகிறதா, முழங்கை மடிகிறதா, ஹெல்மெட் மேலே இடிக்கிறதா. அவள் காலுக்குத் தோதாக அப்பா கிளட்ச் பெடலை அறுத்து மறுபடி பற்ற வைத்தார். பற்றவைப்பு சரியாகப் பிடிக்காமல், அவள் மிதித்ததும் படக்கென்று விட்டது. அப்பா கோபப்படவில்லை. "நல்லதாப் போச்சு அம்மிணி, இங்கயே போச்சு," என்று சொல்லிவிட்டு மறுபடி அறுத்தார். அதே பெடலை நான் உடைத்திருந்தால்?

தெரியாது. நான் உடைத்ததில்லை.

கதவில் அவள் பெயரும் ரத்த வகையும் ஒட்டியாகிவிட்டது. எனக்கும் அதே ரத்த வகைதான்.

இந்த வண்டியில் என்னுடையது என்று ஒன்றே ஒன்று இருக்கிறது. மஞ்சள் கோடு. போல்ட்டைக் கடைசியாக இறுக்குவதற்கு டார்க் ரென்ச் என்று ஒன்று உண்டு. வேண்டிய இறுக்கம் வந்ததும் அது டிக் என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். போல்ட் பிறகு தளர்ந்தால் கோடு இரண்டாக உடைந்து விலகி நிற்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். கோடு போட்ட போல்ட்டை யாரும் மறுபடி தொட மாட்டார்கள். அப்பாவின் பட்டறையில் பம்ப் மூட்டும்போதும் இதே பழக்கம்தான். அங்கே பெயின்ட் பேனா. வீட்டில் என்னுடைய மஞ்சள் நெயில் பாலிஷ். அப்பா இறுக்குவார், நான் கோடு போடுவேன். எட்டாவது படிக்கும்போதிலிருந்து, முதலில் பட்டறையில், இது என் வேலை. டிக் கேட்ட பிறகுதான் கோடு. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் இதுதான்.

கோடைக்காலத்தில் அப்பா எங்கள் இருவரையும் ஊருக்கு வெளியே மனை போட்ட காலி இடத்துக்குக் கூட்டிப்போய் ஓட்டப் பழக்கினார். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

நவம்பர் 10, திங்கள்

ஸ்கூலில் யாரோ கேட்டார்கள், ரேஸ் ஓட்டுகிற பிரவீணா உன் அக்காவா என்று. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 15, சனி

இன்று முன் பிரேக் மாட்டினார்கள். வேறொரு பெரிய வண்டியின் பிரேக். அதைப் பொருத்துவதற்கான இரும்புப் பட்டையை அப்பாவே லேத்தில் கடைந்து கொண்டுவந்திருந்தார். முதலில் கடைந்தது அரை சென்டிமீட்டர் தள்ளிப்போய் டிஸ்க்கில் உரசியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று கடைந்தார். சக்கரத்துக்கு இரண்டு போல்ட்.

வலது பக்கம் முடிந்தது. இரண்டு டிக், இரண்டு கோடு. இடது பக்கம் போல்ட்டைக் கையால் திருகி வைத்திருந்தார். அப்போதுதான் வாசலில் வின்சென்ட் மாமா ஹாரன் அடித்தார். அக்காவுக்குப் பந்தய லைசென்ஸ் வந்துவிட்டது. கையில் ஸ்வீட் டப்பா. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார். அப்பா ரென்ச்சைக் கீழே வைத்துவிட்டு, கைகூடத் துடைக்காமல் ஓடினார். அக்கா கத்தியது பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

நான் சக்கரத்துக்கு உள்ளே தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் நெயில் பாலிஷ் பாட்டில் திறந்திருந்தது.

யாரும் கனி எங்கே என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா ஒரு மைசூர்பாகு கொண்டுவந்து, கையில் பெயின்ட் இருந்ததால் வாயில் ஊட்டிவிட்டுப் போனார்.

அப்பா திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. டார்ச் அடித்துப் பார்த்தார். கோடு இருந்தது. சக்கரத்தை மாட்டி இறக்கிவிட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

அப்பா ஹாரன் சத்தத்துக்கு முன்பே இடது பக்கத்தையும் இறுக்கியிருப்பார். நான் கவனித்திருக்க மாட்டேன். அடுத்த வீட்டில் டி.வி. சத்தமாக ஓடியது.

நவம்பர் 18, செவ்வாய்

டி.வி. ஓடவில்லை. அப்போது கரண்ட் இல்லை.

ஸ்கூல் விட்டு வந்ததும் அப்பா பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, இடது முன்சக்கரத்தைக் கழற்றப் போனேன். சக்கர நட் அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தேன். அம்மா ஜன்னலிலிருந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார். சுத்தம் பண்ணுகிறேன் என்றேன். "அக்காளுக்காகவா? நல்ல புள்ள," என்றார்.

அதற்குப் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

ரேடியேட்டர் ஒழுகுகிறது. அப்பா இன்றைக்கு சாப்பிடவே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஓட்டம், அதற்குள் முடிய வேண்டும். ஒழுகிக்கொண்டே இருக்கட்டும், முடியாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எட்டு மணிக்கு ஒழுகல் நின்றுவிட்டது.

அக்கா தன்னுடைய புது ரேஸ் கையுறையை என்னைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். பொருந்தியது. "நீயே வெச்சுக்க, எனக்குப் பழசு போதும்," என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். பிடிக்கவில்லை என்றேன். முகம் வாடிவிட்டது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி.

கோடையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். அந்தக் காலி மனையில் அக்கா முதல் நாளே மூன்றாவது கியர் போட்டுவிட்டாள். என் முறை வந்தபோது ஒரு நாய் குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதிக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன். அப்பாதான் பக்கத்திலிருந்து திருப்பினார். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. "பரவால்ல கண்ணு, எல்லாருக்கும் எல்லாமும் வராது," என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

என் சீட்டைக் கழற்றியபோது, தை மாதம் சொன்னது அப்பாவுக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்திருக்கும், இந்த நாயோடு சேர்த்து.

நவம்பர் 22, சனி

சொல்ல நினைத்தேன். சாப்பிடும்போது. பிறகு வண்டியை லாரியில் ஏற்றியபோது. அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். சொன்னால் ஏன் கோடு போட்டாய் என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதனால்தான் சொல்ல முடியவில்லை.

நாளைக்குப் பந்தயத் தடத்தில் வண்டியைப் பரிசோதனை செய்வார்கள். அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

பந்தயத் தடத்தில் பரிசோதிப்பவர் வந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் டார்ச் அடித்தார். இடது முன்சக்கரத்தில் அடித்து, குனிந்து பார்த்து, "கோடெல்லாம் போட்டிருக்கீங்க, நல்ல பழக்கம்," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார். அப்பா என்னைக் காட்டி, "சின்னவ வேலைங்க," என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஒரு மாதமாக நான் அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். நான் லாரிக்குப் பின்னால் போய்விட்டேன்.

அக்கா ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை இறுக்கிவிடுவது என் வேலை. தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு. பக்கத்து சீட் இருந்த இடத்தில் வெறும் தகரத்தின் மேல் முழங்கால் போட்டு இழுத்தேன்.

"இன்னும் இறுக்குடி," என்றாள்.

இழுத்தேன். அவள் மூச்சு விடுவது என் கைக்குத் தெரிந்தது.

"எதுக்கு அழறே? ஒரு பத்து ரவுண்டு சுத்திப்போட்டு வந்தர்றேன்."

"அக்கா, இடது முன்சக்கரம். பிரேக் போல்ட். அப்பா அத இறுக்கவே இல்ல. கோடு நான் போட்டது."

ஹெல்மெட்டுக்குள் அவள் கண் மட்டும் தெரிந்தது.

"தெரியாமப் போட்டியா?"

நான் பெல்ட்டின் நுனியை மடித்துச் செருகினேன். பிறகு அவளே பெல்ட்டை விடுவித்தாள். கையை வெளியே நீட்டி அப்பாவைக் கூப்பிட்டு, முன்னாடி இடது பக்கம் ஏதோ சத்தம் வருகிறது என்றாள்.

"நின்ன வண்டில என்ன சத்தம் அம்மிணி?"

"கேட்டுதுங்ப்பா. கழட்டிப் பாருங்க."

அப்பா சக்கரத்தைக் கழற்றினார். ஒரு போல்ட்டின் மேல் ஸ்பேனர் வைத்ததும் அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. இன்னொன்றை விரலால் திருகினார். விரலுக்கே வந்தது. என் கோடு இரண்டு துண்டாக விலகி நின்றது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கழற்றிய டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் விட்டுப்போட்டேன்," என்றார். "புள்ளைய உள்ள உக்கார வெச்சுட்டு, நாந்தான் விட்டுப்போட்டேன்." டிக் கேட்காமல் நான் கோடு போட்டிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வின்சென்ட் மாமா இறுக்கிவிட்டு ஓட்டலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்றார். அப்பா கேட்கவில்லை. ஒன்றை விட்டவன் வேறு எதை விட்டிருக்கிறேனோ என்று சொல்லி, வண்டியை லாரியில் ஏற்றச் சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் லாரியின் தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

அப்பா வண்டிப் பக்கமே போகவில்லை. மேலே துணி போர்த்தியாகிவிட்டது. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டோமா என்று தினமும் மூன்று முறை எழுந்துபோய்ப் பார்க்கிறார் என்று அம்மா சொன்னார். பட்டறையில் மூட்டி முடித்த பம்புகளை மறுபடி பிரித்தாராம்.

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. என்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால், எல்லாம் சரியாகப் போயிருக்கும். இப்படிச் சொல்லாமல் இருப்பதிலும் அவளே ஜெயித்துவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அங்கேயே, எல்லார் முன்னாலும் சொல்லியிருப்பேன். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நவம்பர் 27, வியாழன்

அப்பா வின்சென்ட் மாமாவிடம் போனில், வண்டியை நீயே எடுத்துக்கொள், என் கையை இனி நான் நம்ப மாட்டேன் என்று சொன்னதைக் கேட்டேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் நின்றேன். நீயே அப்பாவிடம் சொல்லிவிடு என்று கேட்டேன்.

"நான் சொல்லமாட்டேன்," என்றாள். "அது உன் கோடு. நீயே அழி."

நவம்பர் 29, சனி

அப்பா பட்டறைக்குப் போன பிறகு வண்டியின் மேலிருந்த துணியை எடுத்தேன். அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரும், அம்மா அயோடின் போட வைத்திருக்கும் பஞ்சும். இடது முன்சக்கரத்தில் மட்டும் அழிக்கத்தான் போனேன். அழித்த பிறகு பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். அது உண்மையான கோடு. ஆனால் இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே கை. அப்பாவுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? அதையும் அழித்தேன். பிறகு என்ஜின் தாங்கி, பின் அச்சு, ஸ்டியரிங், எல்லாம். எட்டாவதிலிருந்து பழகிய கை. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது.

அப்பா மத்தியானம் சாப்பிட வந்தபோது நான் வண்டிக்கு அடியில் இருந்தேன். அவர் செருப்பு மட்டும் தெரிந்தது. தரையில் மஞ்சள் பஞ்சு குவிந்து கிடந்தது.

"எதுக்கு அழிச்சே?"

வெளியே வரவில்லை. அடியில் இருந்தபடியே சொன்னேன்.

"நீங்க ஒண்ணும் விடலீங்ப்பா. நீங்க இறுக்கறதுக்கு முன்னாடியே நான் கோடு போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

செருப்பு நகரவில்லை.

"எதுக்கு?"

"அக்காளுக்கு லைசென்ஸ் வந்துச்சுன்னு எல்லாரும் வாசலுக்குப் போய்ட்டீங்க."

அப்படிச் சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று தெரிந்தது. ஆனால் வேறு காரணம் இல்லை. அப்பா உள்ளே போய்விட்டார். குழாயில் கை கழுவுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழுவினார். சாப்பிட்டார். ஏன் யாரும் பேசவில்லை என்று அம்மா கேட்டதற்கு, அப்பா இரண்டாவது முறை ரசம் கேட்டார்.

சாயங்காலம் மாடிப்படி அருகில் நின்று கூப்பிட்டார்.

"கனி, அந்த சீட்டக் கீழ கொண்டா."

விற்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். அப்பா அதன் தூசியைத் தட்டினார்.

"இனிமே இறுக்கி முடிச்ச பொறகு இந்த வண்டிக்கு மொதல் ஓட்டம் எப்பவும் ரெண்டு பேரு. ஓட்டறவ ஒருத்தி. கோடு போடறவ பக்கத்துல உக்காரோணும். அதுக்கப்பறம் சீட்டக் கழட்டிக்கலாம்."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அவருக்கு இன்னும் கோபம் போகவில்லை. போக நாளாகும்.

நோட்டை சீட்டிலிருந்து எடுத்துவிட்டேன். வேறு இடம் பார்க்க வேண்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

காலை முதல் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கினோம். அப்பா இறுக்குவார், ரென்ச் டிக் என்னும், அவர் நகர்ந்து எனக்கு இடம் விடுவார். இடது முன்சக்கரத்துக்கு வந்ததும் ரென்ச்சை அக்காவிடம் கொடுத்தார். அதன் முனையில் மாட்டுகிற பதினேழாம் நம்பர் சாக்கெட்டை அவள் சரியாக எடுத்தாள். எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. அதிலும் எனக்கு ஒரு எரிச்சல். முழு உடம்பையும் போட்டு இழுத்தாள். டிக். இன்னொரு முறை இழுக்கச் சொன்னேன். மறுபடி டிக். "திருப்தியா?" என்றாள். கோடு போட்டேன்.

சீட்டுக்கு நான்கு போல்ட். அதையும் அவள்தான் இறுக்கினாள்.

வண்டியை லாரியில் ஏற்றி அதே காலி மனைக்குக் கொண்டுபோனோம். அப்பா தூரத்தில் ஒரு எல்லைக்கல் மேல் ஏறி, சிவப்புத் துண்டோடு நின்றார். துண்டைத் தூக்கியதும் முழு பிரேக் போட வேண்டும். வின்சென்ட் மாமா எனக்கு ஒரு பழைய ஹெல்மெட் கொடுத்தார், வியர்வை நாறியது. இந்த முறை என் பெல்ட்டை அக்கா இறுக்கினாள். போதும் என்று சொன்ன பிறகும் ஒரு இழுப்பு இழுத்தாள். வேண்டுமென்றேதான்.

"போலாமா?"

தலையை ஆட்டினேன்.

அவள் ஓட்டுவது அழகாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இன்னும் பொறாமையாக இருக்கிறது. கியர் மாற்றும்போது கையைப் பார்ப்பதே இல்லை. எல்லைக்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. இந்த வேகத்தில் அவள் தனியாக, அந்த இரண்டு போல்ட்டோடு போயிருப்பாள்.

துண்டு மேலே போனது.

அக்கா மிதித்தாள். பெல்ட் நெஞ்சில் அறுத்தது. வண்டி இழுக்காமல், நேராக, அப்பாவுக்கு ரொம்ப முன்னாலேயே நின்றது. நான் கண்ணை மூடவில்லை.

அக்கா ஏதோ சொல்லிச் சிரித்தாள், ஹெல்மெட்டில் சரியாகக் கேட்கவில்லை. நான் பெல்ட்டை விடுவித்து இறங்கி, டார்ச்சோடு இடது முன்சக்கரத்தின் அருகில் புழுதியில் படுத்தேன். அப்பாவும் கல்லிலிருந்து இறங்கி அங்கேதான் ஓடி வந்தார். குனியவில்லை. என் பக்கத்தில் நின்றார்.

"கோடு எப்படி இருக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"நேரா இருக்குதுங்ப்பா," என்றேன்.

அவர் குனிந்து பார்க்கவில்லை.